அரிய தேய்வுகளும் சடப்பொருளின் எச்சமும்

நாம் காணும் பிரபஞ்சம் சடப்பொருளால் ஆனது என்பது விளக்கம் வேண்டி நிற்கும் ஓர் உண்மையாகும். ஒவ்வொரு துணிக்கைக்கும் அதே திணிவும் எதிரான ஏற்றமும் கொண்ட எதிர்த்துணிக்கை உண்டு. ஆதியில் இவ்விரண்டும் சம அளவில் தோன்றி ஒரே விதிக்கு அமைந்திருப்பின், ஒன்றையொன்று அழித்திருக்கும், கதிர்ப்பே எஞ்சியிருக்கும். எனவே இயற்கை இவ்விரண்டையும் வேறுபடுத்துகின்றதா என்ற வினா எழுகின்றது.

1957இல் வெளியான வூ அம்மையாரின் கோபால்ற்று-60 பரிசோதனை, மென்விசை இடம் வலம் என்ற வேறுபாடு காட்டுவதை நிறுவியது. ஆயினும், ஆடி விம்பமாக்குவதோடு துணிக்கையை எதிர்த்துணிக்கையாகவும் மாற்றினால் விதிகள் மாறா எனப் பௌதிகவியலாளர் கருதினர். இந்த இணைந்த சமச்சீரே 'சீ.பீ. சமச்சீர்' எனப்படுவது.

இதற்கு உரைகல்லாக அமைந்தவை ஏற்றமற்ற கேயோன்கள். அவற்றுட் குறுகிய ஆயுளுடையவை இரு பையோன்களாகத் தேயும். சமச்சீர் முழுமையானதாயின், நீண்ட ஆயுளுடையவை அவ்வாறு தேய்தல் இயலாது. கேயோன் கற்றையைப் போதிய தூரம் செல்லவிடின் குறுகிய ஆயுளுடையவை அழிந்துவிடும். 1964இல் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்திலே குறோனின், பிற்ச் ஆகியோரும் சகாக்கள் இருவரும் அத்தகைய கற்றையை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 22,700 தேய்வுகளுள் 45 தேய்வுகள் விலக்கப்பட்ட அவ்வழியிலேயே நிகழ்ந்தன. ஆயிரத்துக்கு இரண்டு என்ற இவ்வற்ப விகிதம் ஒரு பொதுவிதியைத் தகர்த்தது. 1980இல் அவ்விருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

பிரபஞ்சத்திற் சடப்பொருள் மிஞ்சுதற்கு இச்சமச்சீர்க் குலைவு இன்றியமையாதது என 1967இல் சகாரொவ் காட்டினார். மூன்று குவார்க்குகளே அறியப்பட்டிருந்த 1973இல், ஆறு இருப்பின் இக்குலைவை விளக்கலாம் எனக் கோபயாஷியும் மஸ்காவாவும் கூறினர். 2001இல் ஸ்ரான்போர்ட்டிலும் சுக்குபாவிலும் பீ மெசோன்களின் தேய்வுகள் இக்கோட்பாட்டுக்கு வலுவூட்டின. புரோத்தனின் இனமாகிய பேரியோன்களின் தேய்விலும் இக்குலைவு உண்டென 2025இல் சேர்ண் ஆய்வுகூடம் அறிவித்தது.

எனினும், இதுவரை அறிந்த குலைவு நட்சத்திரங்களும் உயிர்களும் உருவாகப் போதிய சடப்பொருளை எஞ்சவிட முற்றிலும் போதாது. ஆகவே இன்னும் அரிய தேய்வுகள் தேடப்படுகின்றன. நீண்ட ஆயுட் கேயோன் ஒரு பையோனாகவும் ஒரு நியூத்திரினோச் சோடியாகவும் தேய்வது பத்தாயிரங்கோடியில் ஏறத்தாழ மூன்று தடவையே எனக் கோட்பாடு கணிக்கின்றது. யப்பானின் கோட்டோ பரிசோதனை அதனைத் தேடுகின்றது. அறிந்த விசைகள் அனுமதிக்கும் அளவு இவ்வளவு சிறிதாதலின், அறியப்படாத துணிக்கையொன்றின் சிறு தலையீடும் அங்கே மறைந்திராது. அருமையே இங்கு ஆய்வின் கருவியாகின்றது.