ரப்பர் உறை கிழிந்தால் ஆக்சிலே போகும்!

ஐஸ் போட்ட மீனோடு வண்டி மணலில் நின்றுவிட்டால், அன்றைய வருமானமே போச்சு. பழவேற்காடு ஏரிக்கரையில் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஓட்டுபவர்கள், முன் ஆக்சில் ஷாஃப்டில் ‘பூட்’ எனப்படும் ரப்பர் உறைகள் இருந்தால் மாதம் ஒருமுறை பாருங்கள். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மணலும் உப்புத் தண்ணீரும் புகுந்து ஜாயின்ட்டைத் தின்றுவிடும்.

சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தாலும் திருப்பத்தில் ‘டக் டக்’ சத்தம் இல்லையென்றால், ஜாயின்ட்டைக் கழுவி, புது கிரீஸ், உறை, கிளாம்ப் போட்டால் போதும். சத்தம் வந்துவிட்டால் ஷாஃப்டையே மாற்றுங்கள். பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள். ஹப் நட்டை வண்டியின் கையேட்டில் சொன்னபடி இறுக்குங்கள்.

உப்புத் தண்ணீரில் இறங்கிய அன்றே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உறையைக் கவனித்தால் ஷாஃப்ட் செலவு மிச்சம்.