மார்ச் மாத ஓடையில் மீன் எண்ணுவது

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸுக்கு மேற்கே பிக் டார்பி என்றொரு சிற்றாறு ஓடுகிறது. மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளி வழியாகச் சுமார் 135 கி.மீ. ஓடி, சர்க்கிள்வில் ஊர்ப் பக்கம் சயோட்டோ ஆற்றில் சேர்கிறது. பார்வைக்குச் சாதாரண ஆறுதான். பல இடங்களில் முழங்கால் அளவுத் தண்ணீர். ஆனால் நூறு வகைக்குக் குறையாத மீன்கள் இதில் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பலவற்றை அங்கேயே பிறந்து வளர்ந்த தூண்டில்காரர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். விரல் நீளம்தான் இருக்கும். தூண்டிலில் மாட்டாது, சந்தைக்கும் வராது.

இந்தச் சிறுமீன்களைப் பார்ப்பதற்கென்றே கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர் இன்னும் விலகாத மார்ச் மாதச் சனிக்கிழமைகளில் நாலைந்து நண்பர்களாகச் சேர்ந்து, ஒரு சிறு வலை, இரண்டு வாளி, கையடக்கக் கண்ணாடித் தொட்டி, ஃபிளாஸ்க்கில் காபி என்று ஓடைக்குப் போகிறார்கள். பிடிக்கிறார்கள், இன்ன வகை என்று அடையாளம் காண்கிறார்கள், எண்ணுகிறார்கள், படம் எடுத்துவிட்டு அதே இடத்தில் விடுகிறார்கள். வீட்டுக்கு வருவது ஒரு பட்டியல் மட்டும். குழம்புக்கு ஆகாத மீனுக்கா இவ்வளவு பாடு என்று நம் ஊரில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்கு முன் இன்னொன்று: ஏன் இந்தக் குளிரில்? மே மாதம் வரை பொறுத்தால் சுகமாக இறங்கலாமே?

மீன் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் எவ்வளவு குளிரோ அவ்வளவு மந்தமாக அதன் உடம்பும் இயங்கும். தண்ணீர் 5 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும்போது கெண்டை இனச் சிறுமீன்கள் ஓட்டமான இடங்களை விட்டு மடுக்களில் ஒதுங்கிவிடும். சில, கரை அரித்த குடைவுகளிலும் மூழ்கிய இலைக்குவியலுக்குள்ளும் கிடக்கும். ஆகவே குளிர்காலத்தில் மீன் இல்லை என்று தோன்றுவது தேடுகிறவர் தவறான இடத்தில் தேடுவதால். இலைக்குவியலின் கீழே வலையை நுழைத்து, குவியலோடு அள்ளிக் கரையில் கொட்டிக் கிளறினால், கோடையில் அரை மணி நேரம் துரத்தினாலும் அகப்படாதவை கொத்தாகக் கிடைப்பதுண்டு.

கோடையில் வேறொரு தொல்லை இருக்கிறது. அந்த வருடத்துக் குஞ்சுகள் வலை நிறைய விழும். நிறமும் வரியும் வராத குஞ்சுகளை வகை பிரிப்பது தேர்ந்த ஆய்வாளர்களுக்கே சிரமம். மார்ச்சில் விழுபவை குளிர்காலத்தைத் தாண்டி வந்தவை, அளவில் பெரியவை. அதோடு ஆண்மீன்கள் இணைசேரும் பருவத்துக்கான நிறத்தை ஏற்றத் தொடங்கியிருக்கும். முட்டையிடுவது பெரும்பாலும் ஏப்ரலுக்கு மேல்தான். நிறமும் வந்திருக்கிறது, சரளைக்குள் முட்டையும் இல்லை. இந்தச் சில வாரங்கள்தான் வலைக்காரர்களின் காலம். முட்டை விழுந்த பிறகு அதே சரளையை உதைத்துக் கலைப்பதை நான் சரியென்று சொல்ல மாட்டேன், சட்டம் அனுமதித்தாலும்கூட.

குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜனும் அதிகம் கரையும். 25 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம்தான் கரையும். 5 டிகிரியில் கிட்டத்தட்ட 13. மீனின் தேவையும் அப்போது குறைவு. அதனால் வாளியில் சற்று நேரம் வைத்திருந்தாலும் கோடையில் போல மூச்சுத் திணறிச் சாகாது.

இனி வலை. பயன்படுவது நீள்சதுரமான சிறு இழுவலை: இரண்டு மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயரம், விரல் நுனி நுழையாத வலைக்கண். கீழ்க்கயிற்றில் ஈயக் குண்டுகள், மேல்கயிற்றில் மிதவைகள், இரு ஓரத்திலும் ஆளுயரக் கழி. மடுவில் இதை இருவர் இழுத்துக்கொண்டே போய்க் கரையேற்றலாம். ஆனால் டார்பி போன்ற ஆற்றில் சுவாரஸ்யமான மீன்கள் இருப்பது மடுவில் இல்லை. ஆழமில்லாமல் கற்கள் மேல் சலசலத்து ஓடும் பகுதியில். அங்கே வலையை இழுக்கவே முடியாது, ஒவ்வொரு கல்லிலும் சிக்கும். அதற்கு உதைமுறை.

இரண்டு பேர் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று வலையை விரித்துப் பிடிக்க வேண்டும். கழியின் அடிப்பகுதி முன்னால், தலைப்பகுதி தங்கள் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஓட்டம் வலையைத் தொய்வாக்கிப் பைபோல் ஆக்கும். ஈயக் கயிறு முழுநீளமும் தரையில் படிந்திருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துக்கொள்வது அவசியம். ஒரு கல் துருத்திக்கொண்டு அடியில் கையளவு இடைவெளி இருந்தால் போதும், மொத்த மீனும் அந்த வழியே போய்விடும். மற்ற இருவர் மூன்று நான்கு மீட்டர் மேலே ஏறி நின்று, கற்களை உதைத்துப் புரட்டிக்கொண்டே வலையை நோக்கி இறங்கி வருவார்கள். கல்லுக்கடியில் இருந்த மீன் திடுக்கிட்டு எழும். நீரோட்டம் அதை வலைக்குள் தள்ளும். உதைப்பவர் வலையைத் தொட்ட கணத்தில், பிடித்திருப்பவர்கள் ஈயக் கயிற்றை முன்னோக்கி அள்ளியெடுத்தபடி மேலே தூக்க வேண்டும். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தினால் பாதி போச்சு. நண்பர்களோடு போக வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான். ஒற்றை ஆளாய் உதைவலை போட முடியாது.

வலையில் முதலில் தெரிவது குப்பை: இலை, சுள்ளி, நீர்ப்பூச்சிகளின் இளம்பருவங்கள், நண்டுக்கு உறவான ஒரு நன்னீர் கிரேஃபிஷ். பிறகு ஏதோ துள்ளும்.

பெரும்பாலும் அது டார்ட்டர். வட அமெரிக்காவில் மட்டுமே உள்ள மீன் கூட்டம் இது. இருநூறு வகைக்கும் மேல். நம் அயிரையின் அளவு, அதைப் போலவே தரையோடு ஒட்டிய வாழ்க்கை, ஆனால் உறவு கிடையாது. பெரும்பாலான டார்ட்டர்களுக்கு மிதக்க உதவும் காற்றுப்பை இல்லை. நீந்துவதை நிறுத்தினால் கீழே அமர்ந்துவிடும். வேகமான ஓட்டத்தில் கற்களுக்கிடையே வாழ்கிற மீனுக்கு இது குறையில்லை, வசதி. மிதந்தால் ஆறு அடித்துக்கொண்டு போய்விடும்.

ரெயின்போ டார்ட்டர் ஆண், மார்ச் கடைசியில், உடம்பில் நீலப்பட்டையும் ஆரஞ்சுப் பட்டையும் மாறி மாறி ஏறி நிற்கும். கையளவு கண்ணாடித் தொட்டியில் போட்டுச் சூரிய வெளிச்சத்தில் பார்த்தால், வெப்பமண்டலக் கடலில் இருந்து பிடித்து வந்ததோ என்று முதல்முறை பார்க்கிறவர்கள் சந்தேகப்படுவார்கள். கிரீன்சைட் டார்ட்டர் சற்றுப் பெரியது. பச்சை வரிகள், மொட்டை மூக்கு. ஜானி டார்ட்டருக்குப் பகட்டு எதுவும் இல்லை, மணல் நிறத்தில் பழுப்புக் கிறுக்கல்கள். ஃபேன்டெயில் டார்ட்டரின் ஆண், தட்டைக் கல்லின் அடிப்பக்கத்தில் பெண் ஒட்டிவைக்கும் முட்டைகளைக் காவல் காக்கும். அதன் முதுகுத் துடுப்பின் முள் நுனிகளில் முட்டை போன்ற சிறு உருண்டைகள் இருக்கும். ஏற்கெனவே முட்டை உள்ள கூட்டில்தான் முட்டையிடப் பெண் விரும்புகிறது என்பதால், அந்தப் போலி முட்டைகள் ஆணுக்கு விளம்பரம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

லாக்பெர்ச் இந்தக் கூட்டத்தில் பெரிய உருப்படி, சாண் நீளம் வரை வளரும். உடலெங்கும் குறுக்குக் கோடுகள். நீண்ட கடினமான மூக்கால் கல்லைப் புரட்டிப் பூச்சி தேடுவது அதன் பழக்கம். இந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு மட்டியும் உண்டு. ஸ்னஃப்பாக்ஸ் என்ற அந்தப் பெண் மட்டி ஓட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். லாக்பெர்ச் மூக்கை வைத்ததும் தலையைக் கவ்விக்கொண்டு, தன் இளம்புழுக்களை மீனின் செவுளில் செலுத்திவிட்டு விடும். அந்தப் புழுக்கள் சில வாரம் செவுளில் ஒட்டி வளர்ந்து, பிறகு உதிர்ந்து மட்டியாகும். மீன் போனால் மட்டியும் போகும். டார்பி மீனுக்கு இணையாக மட்டிக்கும் பெயர்பெற்ற ஆறு, ஏறக்குறைய நாற்பது வகைகள்.

கண்ணாடித் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அது குறுகலாக, ஒரு மீன் பக்கவாட்டில் மட்டும் நிற்கும் அளவுக்கு இருக்க வேண்டும். கையில் பிடித்து எடுத்த படத்தில் துடுப்பு மடிந்துவிடும். துடுப்பு மடிந்தால் முள் எண்ணிக்கை தெரியாது. முள் எண்ணிக்கை தெரியாவிட்டால் ஒன்றுபோலிருக்கும் இரண்டு வகைகளைப் பிரிக்க வழியில்லை. மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்வது எல்லாப் பருவத்துக்கும் பொது. பூஜ்ய டிகிரிக்குக் கீழே காற்று இருக்கும் காலையில் கூடுதல் கவனம் தேவை: தண்ணீருக்கு வெளியே தூக்கிய மீனின் செவுளும் கண்ணும் உறையக்கூடும். அப்படிப்பட்ட காலையில் மீன் வலையிலிருந்து நேராக வாளிக்குப் போக வேண்டும், உள்ளங்கையில் வைத்து வேடிக்கை பார்க்க நேரமில்லை.

சரி, பட்டியலால் என்ன பயன்? 1981இல் ஜேம்ஸ் கார் என்ற உயிரியலாளர் ஒரு கணக்குமுறையை முன்வைத்தார். ஓர் ஓடையின் மீன்களை மாதிரி எடுத்து, பன்னிரண்டு கேள்விகளுக்கு ஒன்று, மூன்று, ஐந்து என்று மதிப்பெண் போடுவது. எத்தனை உள்ளூர் வகைகள், மாசைத் தாங்காதவை எத்தனை, மாசிலும் பிழைப்பவை எவ்வளவு, புண்ணும் கோணலும் உள்ள மீன்கள் எவ்வளவு என்பன போன்ற கேள்விகள். அதிகபட்சம் 60. அந்தப் பன்னிரண்டில் டார்ட்டர் வகைகளுக்கென்றே ஒரு கேள்வி. வயலில் இருந்தும் கட்டுமான இடங்களில் இருந்தும் வண்டல் வந்து கற்களின் இடுக்கை அடைத்தால், முதலில் வீடிழப்பது டார்ட்டர்தான். இரையும் முட்டையிடும் இடமும் அதற்கு அந்த இடுக்குதான். ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதித்தால் அந்த நேரத்து நிலைதான் தெரியும். போன மாதம் யாரோ சாக்கடையைத் திறந்துவிட்டதை மீன்கள் காட்டிக்கொடுக்கும். ஒஹாயோ மாநிலம் 1990இல் இவ்வகை உயிரியல் அளவுகோல்களைத் தன் நீர்த்தர விதிகளிலேயே சேர்த்தது.

ஆனால் நண்பர்களின் மார்ச் கணக்கை அந்த அளவுகோலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அரசுக் குழுக்கள் மின்சாரக் கருவியால் மீனை மயக்கி, ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் மதிப்பெண்ணுக்கான மாதிரி எடுக்கின்றன. மார்ச் வலை சொல்லக்கூடியது எளிய ஒன்று: இந்த நாளில், இந்த வளைவில், இந்த வகை இருந்தது. அதுவும் தேதி, இடம், தண்ணீரின் வெப்பநிலை, எத்தனை முறை வலை போட்டது என்று எழுதி வைத்தால்தான். ஒன்றும் விழாத வலைகளையும் எழுத வேண்டும். பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சயோட்டோ மேட்டாம் என்று ஒரு குட்டிக் கெளுத்தி இருந்தது. மில்டன் டிராட்மன் என்ற மீனியலாளர் 1943இல் பிக் டார்பியின் ஒரு சலசலப்பில் அதைக் கண்டெடுத்தார். 1957 வரை கிடைத்தவை மொத்தம் பதினெட்டு. உலகில் வேறெங்கும் அது அகப்படவில்லை. 1957க்குப் பிறகு அங்கேயும் இல்லை. பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பத் தேடி வெறும் வலை எடுத்த பதிவுகளின் அடிப்படையில், 2023இல் அமெரிக்க அரசு அது அழிந்துவிட்டதென்று அறிவித்தது.

கிளம்பும் முன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன்பிடி உரிமம் வேண்டும். வலையின் நீள உயரத்துக்கும் எந்தெந்த மீனைப் பிடிக்கலாம் என்பதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மின்சாரக் கருவி தனி அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்கு மட்டும். மட்டியைத் தொடவே வேண்டாம். டார்பியில் அருகிவரும் டார்ட்டர்களும் உண்டு. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெயர்பெற்ற ஆற்றை விட்டு, பெயரில்லாத ஒரு கிளையோடைக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. ரெயின்போ டார்ட்டர் அங்கேயும் கிடைக்கும்.

நண்பர்கள் தேவை என்பதற்கு இரண்டாவது காரணம் குளிர். காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். மார்பு வரை வரும் நீர்புகா ஆடைக்கு இடுப்பில் பெல்ட் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். வழுக்கி விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைவதை அதுதான் தடுக்கும். பனி உருகி ஆறு கலங்கலாகப் பெருகியிருக்கும் நாளில் இறங்கவே கூடாது. அடி தெரியாது, மீனும் கிடைக்காது. மாற்றுடை காரில் இருக்கட்டும். யாருக்காவது நடுக்கம் நிற்காமல் பேச்சுக் குழறினால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. ஈரத்தைக் களைந்து சூடேற்றுவதுதான் அடுத்தது, இன்னும் ஒரே ஒரு வலை என்ற பேச்சே வரக்கூடாது.

இன்னொரு ஓடைக்குப் போவதாக இருந்தால் வலையையும் காலணியையும் சேறு போகக் கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகே போக வேண்டும். நோய்க்கிருமிகளும் வெளியூர் நத்தைகளும் ஈரக் காலணியில்தான் பயணம் செய்கின்றன. மார்ச் மாதக் குளிரில் வலை காய நாட்கள் ஆகும். ஒரே நாளில் இரண்டு ஓடை பார்க்கிறவர்கள் இரண்டு ஜோடிக் காலணியும் இரண்டு வலையும் வைத்திருப்பது அதனால்தான்.