புலிக்குகையில் புதையல்

எங்கள் தாத்தா கடலில் பிடித்த மீனைவிடக் கடலைப்பற்றிச் சொன்ன கதைகளே அதிகம். அவற்றுள் தலையாயது புலிக்குகைக் கதை. முற்காலத்தில் கடற்கொள்ளையர் கப்பல்களை மறித்துப் பறித்த பொன்னை அக்குகையில் ஒளித்து வைத்தனராம். காவலுக்குப் புலித்தலைகளைச் செதுக்கினராம். பிறகு கடல் பொங்கி ஆளையும் பொன்னையும் சேர்த்து மூடிவிட்டதாம். சிறுவயதில் இதைக் கேட்டுவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டவன் நான்.

அப்பா காலத்திலேயே நாங்கள் குப்பத்தை விட்டுச் செங்கற்பட்டுக்கு வந்துவிட்டோம். சென்ற பொங்கல் விடுமுறையில் தாத்தாவையே அழைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, அங்கிருந்து வடக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாளுவன்குப்பத்தில் இறங்கினேன். நூலகத்தில் இரண்டு மாலைகள் செலவிட்டுக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். கதையை உடைத்துக் காட்டவேண்டும் என்ற படித்தவன் திமிர் எனக்குள் இருந்தது என்பதை மறைப்பானேன்?

முதலில் ஒன்று. புலிக்குகை குகையன்று, அதில் புலியும் இல்லை. ஒரு பெரும் பாறையின் முகப்பில் குடைந்த சிறு மண்டபம் அது. நாலைந்து பேர் நெருக்கி உட்காரலாம். கொள்ளைப் பொருளை ஒளிக்க இடமே கிடையாது. மண்டபத்தைச் சுற்றி மாலைபோல் செதுக்கியுள்ள 11 தலைகளும் யாளித் தலைகள். பக்கத்தில் இரண்டு யானை முகங்கள். அவற்றின்மேல் அம்பாரிபோல் சிறு மாடங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பல்லவன் காலத்துப் பணி என்பர். திறந்தவெளியில் விழா நடத்த அமைத்த மேடையாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. ஒளிப்பதற்கன்று, ஊரார் பார்ப்பதற்கென்றே செய்த இடம்!

நம் நாட்டுக் கடலில் கொள்ளையரே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேலைக் கடற்கரையில் முசிறித் துறையருகே கடற்கொள்ளையர் இருந்ததை முதல் நூற்றாண்டிலேயே ரோம நாட்டுப் பிளினி எழுதியிருக்கிறார். ஆனால் சாளுவன்குப்பத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பு இருந்ததாக நான் படித்த எதிலும் இல்லை.

"அப்போ கடல் மூடினதும் பொய்யா?" என்றார் தாத்தா.

அங்கேதான் நான் மடங்கினேன். அது பொய்யன்று.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நான் பிறக்கவில்லை. இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம்: 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அவ்வலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் சுமார் 36 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். பின்னால் வரும் நீர் முன்னால் நிற்கும் நீரின்மேல் ஏற, அலை உயர்கிறது. திரும்பும்போது கரை மணலை வாரிக்கொண்டு போகிறது. அவ்வாறு மணல் அரித்துப் போன இடத்தில், புலிக்குகைக்கு வடக்கே ஒரு பாறையில் அதுவரை கண்ணில் படாத கல்வெட்டு வெளிப்பட்டது. திருவிழிச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயிலுக்குக் கொடுத்த கொடையை அது கூறிற்று. அப்படியொரு கோயிலை அங்கே யாரும் கண்டதில்லை! 2005இல் இந்தியத் தொல்லியல் துறையினர் தி. சத்தியமூர்த்தி தலைமையில் மணலைத் தோண்டினர். பல்லவர் காலத்துக் கருங்கற் கோயிலின் அடித்தளம் கிடைத்தது. அதற்கும் கீழே, சங்ககாலத்தது என அவர்கள் கருதும் செங்கற் கோயில். வாயிற்புறத்தில் கல்லால் ஆன வேல். கடற்பெருக்கில் அழிந்த செங்கற் கோயிலின்மீது பல்லவர் மீண்டும் கட்ட, அதையும் கடல் கொண்டது என்று ஆய்வாளர் விளக்கினர்.

பொன்னும் இருக்கிறது. வசந்தனார் என்னும் அந்தணப் பெண்மணி விளக்கெரிக்க 16 கழஞ்சு பொன் கொடுத்ததை அக்கோயில் கல்வெட்டு கூறுகிறது. கழஞ்சு என்பது ஏறத்தாழ 5 கிராம். ஆகவே இன்றைய கணக்கில் பத்துப் பவுன். இப்படிக் கொடுக்கும் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் விளக்குக்கு வேண்டியதை வாங்குவது அக்கால வழக்கம்.

தூணிலுள்ள எழுத்தைத் தாத்தா விரலால் தடவிப் பார்த்தார். "இன்னா எழுதியிருக்கு, படி" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தமிழ்தான், ஆனால் பழைய வடிவம். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியல தாத்தா. புஸ்தகத்துல பார்த்துத்தான் சொல்றேன்" என்றேன். எழுத்தே அறியாத அவர் என்னை ஏளனம் செய்யவில்லை. சற்று நேரம் தூணையே பார்த்துவிட்டு, "திருடின பொருளை எவன்டா கல்லுல எழுதி வைப்பான்? இது குடுத்த பொருளுதான்" என்றார். இரண்டு மாலை நூலகத்தில் உட்கார்ந்தும் எனக்குத் தோன்றாத வாதம்!

கதை அத்தோடு ஒழிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். சென்ற வாரம் என் தங்கைக்கு அதையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். கொள்ளையர் அப்படியேதான் இருக்கிறார்கள். இப்போது வசந்தனாரும் வந்து சேர்ந்திருக்கிறார். அவர்கள் பறித்தது அந்த அம்மாவின் பத்துப் பவுனைத்தானாம்.