லினக்ஸில் மின்னஞ்சல்: கோளாறு தேடிய அன்றும் இன்றும்

1990களின் பிற்பகுதியில், லினக்ஸ் கணினியில் மின்னஞ்சல் வராமல் போனால், விவரம் தெரிந்தவர் முதலில் டெர்மினலைத்தான் திறப்பார். டெல்நெட் என்று தட்டி, சர்வரின் பெயரையும் 110 என்ற போர்ட் எண்ணையும் கொடுப்பார். மறுமுனையிலிருந்து ஒரு கூட்டல் குறியும் ‘ஓகே’யும் வரும். ‘யூசர்’ என்று எழுதிப் பயனர் பெயர், ‘பாஸ்’ என்று எழுதிக் கடவுச்சொல், பிறகு ‘லிஸ்ட்’. காத்திருக்கும் கடிதங்களின் வரிசை எண்ணும் அளவும் வரிவரியாக வந்து விழும். மென்பொருள் சர்வரிடம் பேச வேண்டிய பாப்3 மொழியை மனிதரே பேசிப் பார்த்துவிடலாம். கழித்தல் குறியோடு பதில் வந்தால் பெரும்பாலும் கடவுச்சொல் தவறு. பதிலே வராவிட்டால் இணைப்பிலோ சர்வரின் பெயரிலோ சிக்கல். பட்டியல் ஒழுங்காக வந்துவிட்டால் சர்வர் நலம். தவறு நம் கணினியில் இருக்கிறது.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, ஷெல் கணக்கு வாங்கியவர்கள் தொலைபேசி வழியே அந்த நிறுவனத்தின் கணினிக்குள் நுழைந்து, அங்கேயே பைன் என்ற நிரலில் கடிதம் படித்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த நிரல் அது. சொந்தக் கணினியில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டவர்களுக்கோ வேலை பல நிரல்களாகப் பிரிந்து கிடந்தது. எரிக் ரேமண்ட் எழுதிய ஃபெட்ச்மெயில் கடிதங்களை எடுத்து வரும். புரோக்மெயில் அவற்றைப் பிரித்து வைக்கும். மட் படிக்கக் கொடுக்கும். செண்ட்மெயில் வெளியே அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்புக் கோப்பு. எல்லாமே சாதாரண எழுத்துக் கோப்புகள். ஃபெட்ச்மெயிலின் கோப்பில் கடவுச்சொல் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். அதனால் அந்தக் கோப்பைப் பிறர் படிக்கும்படி அனுமதி விட்டிருந்தால் நிரல் ஓடவே மறுத்துவிடும். ‘கீப்’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்காவிட்டால், எடுத்த கடிதத்தைச் சர்வரிலிருந்து அழித்துவிடும். இதெல்லாம் கற்க நாளாகும். ஆனால் எது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது.

அனுப்பும் பக்கம்தான் அன்று பெரிய தலைவலி. 1982-இல் எழுதப்பட்ட எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில் அனுப்புகிறவர் யார் என்று கேட்கும் ஏற்பாடே கிடையாது. எந்த நிறுவனத்தின் இணைப்பில் இருக்கிறோமோ, அதன் சர்வர் மட்டும் நம் கடிதத்தை வாங்கிக்கொள்ளும். மடிக்கணினியோடு வேறு ஊருக்குப் போய் வேறு இணைப்பில் நுழைந்தால், 550 என்ற எண்ணோடு கடிதம் திரும்பும். இதற்காகப் பல சர்வர்கள் ஒரு விசித்திரமான வழி வைத்திருந்தன: முதலில் பாப் மூலம் கடிதம் எடுத்தால், அடுத்த சில நிமிடங்களுக்கு அனுப்பவும் அனுமதி. அனுப்பும் பொத்தானை முதலில் அழுத்தியவருக்குத் தோல்வி, பெறும் பொத்தானை முதலில் அழுத்தியவருக்கு வெற்றி. காரணம் தெரியாதவர்களுக்கு அது தற்செயலாகவே தோன்றியிருக்கும்.

1998-இல் 587 என்ற போர்ட் பயனர்கள் கடிதம் ஒப்படைப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எஸ்.எம்.டி.பி.யில் அடையாளம் கேட்கும் முறையும் வந்தது. 465-இன் கதை வேறு. 1997-இல் மறைகுறியிட்ட அஞ்சலுக்காகப் பதிவான அந்த எண் விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2018 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 8314 அதற்கு முறைப்படி உயிர் கொடுத்தது. இன்றும் ஒரு கையேடு 587 என்கிறது, இன்னொன்று 465 என்கிறது. குழப்பத்தின் வேர் இந்த வரலாறுதான். இரண்டும் சரியே. ஆனால் போர்ட்டையும் பாதுகாப்பு முறையையும் ஜோடி மாற்றிப் போடக் கூடாது. 465-இல் தொடக்கத்திலிருந்தே எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்.; 587-இல் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். 465-இல் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். என்று வைத்துவிட்டால், சர்வர் முதலில் வணக்கம் சொல்லட்டும் என்று நம் மென்பொருள் காத்திருக்கும். மென்பொருள் மறைகுறிப் பேச்சைத் தொடங்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். பிழைச் செய்தி உடனே வராது. கடிதம் அவுட்பாக்ஸிலேயே நிற்கும்.

2004 டிசம்பரில் மொசில்லாவின் அஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்ட் 1.0 வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே லினக்ஸுக்கு எவல்யூஷன் 1.0 வந்திருந்தது. இனி எல்லாம் ஒரே சன்னலில். ஆனாலும் சர்வர் பெயர், போர்ட், பாதுகாப்பு முறை எல்லாம் நாமே நிரப்ப வேண்டிய கட்டங்கள்தான். 2009-இன் தண்டர்பேர்ட் 3 அந்தக் கட்டங்களை நிரப்பும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், அந்த டொமைனில் அமைப்புக் கோப்பு ஏதும் வைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடும். இல்லாவிட்டால் மொசில்லா பராமரித்த பட்டியலைப் பார்க்கும். அங்கும் இல்லாவிட்டால் ‘இமேப்’, ‘மெயில்’, ‘எஸ்.எம்.டி.பி.’ என்று வழக்கமான பெயர்களை டொமைனுக்கு முன்னால் ஒட்டித் தட்டிப் பார்க்கும். போர்ட் எண் என்றால் என்னவென்றே தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்குச் சொந்த மென்பொருளில் கடிதம் படிக்கும் வாய்ப்பைத் தந்தவை இத்தகைய ஏற்பாடுகள்தான். இதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். ஒரே எச்சரிக்கை: கடைசிப் படி ஊகம். சிறு நிறுவனங்களின் டொமைன்களில் அந்த ஊகம் அடிக்கடி தவறும். அப்போது ‘கைமுறை அமைப்பு’ என்ற பொத்தானை அழுத்தி, பெறுவதற்கு 993, அனுப்புவதற்கு 465 என்று பழைய கட்டங்களுக்கே திரும்ப வேண்டும்.

உண்மையான பிளவு இதற்கெல்லாம் பிறகு வந்தது. 2022 மே 30 முதல், தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லோடு நுழையும் வெளி மென்பொருள்களுக்குக் கூகுள் கதவடைத்தது. மைக்ரோசாஃப்ட் தன் நிறுவனச் சேவையில் அதே ஆண்டு அக்டோபரிலும், தனிநபர் அவுட்லுக் கணக்குகளில் 2024 செப்டம்பரிலும் அதைச் செய்தது. இன்று ஜிமெயில் போன்ற கணக்குகளில் தண்டர்பேர்ட் கடவுச்சொல்லைச் சர்வருக்குக் கொண்டுபோவதில்லை. ஒரு சிறு உலாவிச் சன்னலைத் திறக்கிறது. நாம் அதில் நேரே கூகுளிடம் நுழைகிறோம். கூகுள் தண்டர்பேர்டின் கையில் ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுக்கிறது. இதன் பெயர் ஓஆத்2. கடவுச்சொல் திருட்டைக் குறைக்கிறது என்பதால் இந்த மாற்றத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் கோளாறுகளின் இடம் அடியோடு மாறிவிட்டது. சர்வர் பெயர் சரி, போர்ட் சரி, கடவுச்சொல்லும் சரி. ஆனாலும் உள்ளே விடாது. அமைப்புப் பக்கத்தில் ‘அடையாள முறை’ என்ற கட்டத்தில் இன்னும் ‘சாதாரணக் கடவுச்சொல்’ என்றே இருக்கும். பழைய கணக்கை அப்படியே வைத்திருந்தவர்களுக்கு வந்த சிக்கல் பெரும்பாலும் இதுதான். பெறும் பக்கத்தில் மாற்றிவிட்டு, அனுப்பும் சர்வருக்கென்று தனியே இருக்கும் அதே கட்டத்தை மறந்துவிடுவார்கள். அல்லது நுழைவுச் சன்னல் திரும்பத் திரும்ப வரும். தண்டர்பேர்டில் குக்கிகள் தடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடிதம் படிக்கும் மென்பொருளில் குக்கி எதற்கு என்று அதை அணைத்து வைத்தவர்கள் நிறையப் பேர். கூகுள் கடவுச்சொல்லை மாற்றினால் பழைய சீட்டு செல்லாது; சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலில் ‘ஓஆத்’ என்று தொடங்கும் வரியை அழித்துவிட்டு மறுபடி நுழைய வேண்டும்.

என்னை உறுத்துவது வேறொன்று. அன்று எஸ்.எம்.டி.பி.யும் பாப்பும் தெரிந்த எந்த நிரலும் கடவுச்சொல்லோடு உள்ளே போகலாம். இன்று நிரலை எழுதியவர் அஞ்சல் சேவை தரும் நிறுவனத்திடம் முன்கூட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும். தண்டர்பேர்டும் எவல்யூஷனும் அதைச் செய்திருக்கின்றன. மட், ஃபெட்ச்மெயில் வைத்திருப்பவர்களோ துணை நிரல் ஒன்றைச் சேர்த்துச் சீட்டு வாங்க வேண்டும், அல்லது ஜிமெயில் என்றால் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லை எடுக்க வேண்டும். எந்த மென்பொருளில் கடிதம் படிப்பது என்ற தேர்வில் இப்போது இன்னொருவரின் கையெழுத்தும் தேவைப்படுகிறது.

இரண்டாவது பெரிய மாற்றம், கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்பது. தண்டர்பேர்ட் தன் சொத்து முழுவதையும், அதாவது கடிதம், முகவரிப் புத்தகம், அமைப்பு எல்லாவற்றையும், ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் தண்டர்பேர்ட் என்ற மறைவு ஃபோல்டரில் வைத்தது. அதை நகலெடுத்துப் புதிய கணினியில் ஒட்டினால் போதும். இன்று அதே மென்பொருள் டெப் பொதியாக வந்தால் ஓரிடம், ஸ்னாப்பாக வந்தால் ஹோமில் உள்ள ஸ்னாப் ஃபோல்டருக்குள், ஃபிளாட்பேக்காக வந்தால் புள்ளியோடு தொடங்கும் ‘வார்’ ஃபோல்டருக்குள். உபுண்டு 24.04-இல் தண்டர்பேர்ட் ஸ்னாப்புக்கு மாறியது. புதிய பொதி பழைய ஃபோல்டரைக் கண்டுகொள்ளாத நேரங்களில், மென்பொருளைத் திறந்தவர் முன் நிற்பது கடிதமே இல்லாத வெற்றுச் சன்னல். பல ஆண்டுக் கடிதங்கள் போய்விட்டன என்று பதறுவார்கள். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. பதற்றத்தில் கணக்குகளைப் புதிதாக அமைக்கத் தொடங்காமல், மென்பொருளை மூடிவிட்டு, கோப்பு மேலாளரில் மறைவுக் கோப்புகளைக் காட்டச் சொல்லிப் பழைய ஃபோல்டரைத் தேடுங்கள். கிடைத்ததும் முதலில் ஒரு நகல். பிறகு அதைப் புதிய இடத்தில் வைத்து, புரொஃபைல் மேலாளர் வழியே அதைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய பதிப்பில் ஓடிய புரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்க மறுக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எவல்யூஷனில் கணக்கின் கட்டங்களைத் திருத்த முடியவில்லை என்றால், அது க்னோமின் ஆன்லைன் கணக்குகள் பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கும். கேமெயில் என்ற மற்றோர் அஞ்சல் மென்பொருளில் கடிதங்கள் பாதியில் நின்றால் அதன் அடியில் ஓடும் அகோனாடி என்ற சேவையை மறுபடி தொடங்க வேண்டும். கணினியின் கடிகாரம் தவறினால் சர்வரின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். அன்றும் இன்றும் மாறாத கோளாறு இது.

தமிழில் கடிதம் எழுதியவர்களுக்கு இன்னோர் அமைப்பும் முக்கியமாக இருந்தது: எழுத்துக் குறியாக்கம். திஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில் எழுதிய கடிதத்தைப் படிக்க, குறியாக்கப் பட்டியலில் ‘பயனர் வரையறுத்தது’ என்று மாற்றி அதற்குத் திஸ்கி எழுத்துருவைப் பொருத்த வேண்டும். யூ.டி.எஃப்.-8 அந்தத் தொல்லையை முடித்துவைத்தது. தண்டர்பேர்டில் அந்த நீண்ட பட்டியலும் போய், ‘குறியாக்கத்தைச் சரிசெய்’ என்ற ஒற்றைக் கட்டளை வந்திருக்கிறது. பழைய திஸ்கிக் கடிதத்துக்கு அது உதவாது. ஆனால் லினக்ஸின் அடித்தள நூலகமான கிலிப்சியில் திஸ்கிக்கு இடம் உண்டு. ஐகான்வ் கட்டளையில் திஸ்கியிலிருந்து யூ.டி.எஃப்.-8 என்று கொடுத்தால் பழைய எழுத்து புதிய எழுத்தாகும். கடித உடலைத் தனிக் கோப்பாகப் பிரித்தெடுத்துச் செய்வது நல்லது. அந்தக் காலத் தமிழ்க் கடிதங்களை வைத்திருப்பவர்கள் இப்போதே மாற்றிக்கொள்ள வேண்டும்.

டெல்நெட் செய்த வேலையை இன்று ஓப்பன்-எஸ்.எஸ்.எல். செய்கிறது. அதன் எஸ்-கிளையண்ட் கட்டளையில் சர்வர் பெயரையும் 993-ஐயும் கொடுத்தால் சான்றிதழ் விவரங்கள் வரும். கடைசியில் உடுக்குறியோடு சர்வரின் ‘ஓகே’ வரும். அதுவரை வந்துவிட்டால் இணைப்பு நலம். 2020-இல் தண்டர்பேர்ட் 78 பழைய டி.எல்.எஸ். 1.0, 1.1 இரண்டையும் நிறுத்தியபோது பல அலுவலகச் சர்வர்கள் தெளிவான செய்தி இல்லாமல் தொடர்பற்றுப் போயின. அந்தச் சர்வர் எந்தப் பதிப்பைப் பேசுகிறது என்று இந்தக் கட்டளையே காட்டிக்கொடுக்கும். சர்வர் நலமாக இருந்தும் கடிதம் வராவிட்டால், மொஸ்-லாக் (MOZ_LOG) என்ற மாறியில் இமேப் என்றும் 5 என்றும் கொடுத்துத் தண்டர்பேர்டை டெர்மினலிலிருந்து தொடங்குங்கள். மென்பொருளும் சர்வரும் பேசுவது முழுவதும் பதிவாகும். அடையாளம் சொல்லும் வரிகளை அது தானே விட்டுவிடும். ஆனால் கடிதங்களின் உள்ளடக்கம் அதில் இருக்கும். உதவி கேட்டு யாருக்கும் அனுப்புவதற்கு முன் அந்த உள்ளடக்க வரிகளை நீக்கிவிடுங்கள்.