பட்டு நூல் செய்த மாயம்

1957இல் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலுக்குள் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் கட்டப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே கிருமியைத் தையல் போடும் பட்டு நூலோடு சேர்த்து உள்ளே வைத்தபோது, சில நூறே போதுமானதாக இருந்தது. நூலில் நஞ்சு ஏதும் கிடையாது. அது உடலுக்கு அந்நியப் பொருள், அவ்வளவுதான்.

செயற்கை மூட்டு, பேஸ்மேக்கர், இதய வால்வு என எதை உள்ளே வைத்தாலும் இதே சிக்கல்தான். கிருமியைக் கண்டால் முதலில் ஓடிவருபவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள். அவை கிருமியை விழுங்கிக் கொல்பவை. மூட்டில் பொருத்திய உலோகமோ அவற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. விழுங்க முயன்று முடியாமல், கிருமிக்காக வைத்திருந்த நச்சு வேதிப்பொருள்களை அதன்மேல் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. 1984இல் ஸ்விஸ் மருத்துவர் வெர்னர் சிம்மர்லியின் குழு, கினிப் பன்றிகளின் உடலில் பொருத்திய சிறு கூண்டுகளிலிருந்து இந்த அணுக்களை எடுத்துச் சோதித்தது. அவற்றின் கொல்லும் திறன் குன்றியிருந்தது. இந்தத் துறையில் என்னை மிகவும் பாதித்த உண்மை இதுதான்: பாதுகாப்புப் படை வந்துசேர்கிறது, ஆனால் வெறுங்கையோடு நிற்கிறது.

கிருமிக்கு இது பொற்காலம். உள்ளே வைத்த பொருளின்மேல் சற்று நேரத்திலேயே ரத்தப் புரதங்கள் படிந்துவிடும். அவற்றைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள் ஸ்டஃபைலோகாக்கஸிடம் உண்டு. நம் திசு முந்தி ஒட்டுமா, கிருமி முந்துமா என்பதை 1987இல் அந்தோனி கிரிஸ்டினா ஒரு பந்தயமாகவே விவரித்தார். கிருமி முந்தினால் தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான பயோஃபிலிம் படலத்தைக் கட்டிக்கொள்கிறது. படலத்துக்குள் பல கிருமிகள் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு கிடப்பதால், வளரும் கிருமியைத் தாக்கும் ஆன்டிபயாட்டிக்குகளும் அவற்றிடம் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன.

நம் தோலில் சாதுவாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்கூட இங்கே நோய்க்கிருமியாகிவிடுகிறது. காய்ச்சலோ சீழோ இல்லாமல், மாதக்கணக்கில் செயற்கை மூட்டில் வலி மட்டுமே இருக்கலாம். அந்த வலியை யாரும் வயதின்மேல் போட்டுவிடக் கூடாது. தொற்று தொடங்கிய சில வாரங்களுக்குள் தெரிந்தால், மூட்டைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி, ரிஃபாம்பிசின் கலந்த மருந்துகளால் காப்பாற்ற வாய்ப்புண்டு. தாமதமானால் பெரும்பாலும் மூட்டையே கழற்ற வேண்டும். மருந்து கலந்த சிமென்டை இடையில் வைத்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் பல நேரம் புதிய மூட்டு.