டார்பிஷயரில் எழுந்த ரோமாபுரி

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பி நகருக்கு வடமேற்கே சில மைல் தொலைவில் நிற்கும் கெடில்ஸ்டன் மாளிகை, பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பிரபுக்கள் பண்டைய ரோமின் மீது கொண்டிருந்த பெரும் பற்றைக் கல்லிலும் சுதையிலும் வடித்துக் காட்டும் கட்டடமாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் அந்நிலத்தை ஆண்டுவந்த கர்சன் குடும்பத்தில் 1758இல் உரிமைக்கு வந்த நத்தானியேல் கர்சன், அதே மாவட்டத்தின் சாட்ஸ்வொர்த்தில் வீற்றிருந்த டெவன்ஷயர் கோமகன்களுக்குத் தாம் எவ்வகையிலும் குறைந்தவரல்லர் என்று நிலைநாட்ட விரும்பி, முன்னோர் வாழ்ந்த வீட்டை அகற்றிவிட்டு 1759இல் புதிய மாளிகையைத் தொடங்கினார். புதிய பூங்காவுக்கு இடையூறாக இருந்த சிற்றூர் அப்படியே வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டது; இடைக்காலத்தைச் சேர்ந்த தேவாலயம் மட்டும் இன்றும் மாளிகையை ஒட்டித் தனியே நிற்கிறது. கெடில்ஸ்டனின் அழகைப் பேசுவோர் இந்த இடப்பெயர்வையும் சேர்த்துப் பேசுவதே நேர்மையாகும்.

மாளிகையின் அடிப்படைத் திட்டம், பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வரைந்தும் கட்டப்படாமல் போன ஒரு மாளிகையின் வரைபடத்திலிருந்து பெறப்பட்டது. நடுவே பெருங்கட்டடமும், நான்கு மூலைகளிலும் அதனோடு வளைந்த நடைக்கூடங்களால் இணைக்கப்பட்ட நான்கு பக்கமாளிகைகளும் அமைய வேண்டும் என்பது அத்திட்டம். ஆயினும் வடபுறத்து இரண்டு மட்டுமே எழுந்தன, தென்புறத்து இரண்டும் கடைசிவரை கட்டப்படவில்லை. முதலில் மேத்யூ பிரெட்டிங்ஹாம், அடுத்து ஜேம்ஸ் பெயின், இறுதியாக ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஆடம் என்று மூவர் கை மாறிய கட்டடம் இது. தூண்கள் தாங்கும் முக்கோண முகட்டோடு கூடிய முகமண்டபத்தைக் கொண்ட வடமுகப்பு, அளவும் ஒழுங்கும் பிறழாத பல்லாடிய மரபில் பெயின் வகுத்தது. தென்முகப்போ ஆடமுக்கே உரியது: ரோமில் உள்ள கான்ஸ்டன்டைன் பேரரசரின் வெற்றி வளைவைத் தழுவி, சுவரிலிருந்து விலகி நிற்கும் நான்கு தூண்களையும் அவற்றின் உச்சியில் சிலைகளையும் நிறுத்தி, பின்னணியில் தாழ்ந்த குவிமாடத்தையும் முன்னே வளைந்திறங்கும் படிகளையும் அவர் அமைத்தார். கட்டடத்தின் பகுதிகள் முன்னேயும் பின்னேயும், மேலும் கீழுமாக அசைவன போலத் தோன்ற வேண்டும் என்ற அவருடைய கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

எனினும் கெடில்ஸ்டனின் உயிர் அதன் பளிங்கு மண்டபத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ 67 அடி நீளமும் 37 அடி அகலமும் 40 அடி உயரமும் கொண்ட இந்த வரவேற்பு மண்டபத்தின் பக்கச் சுவர்களில் சாளரங்கள் இல்லை. ரோமானிய இல்லங்களின் நடுமுற்றத்தில் வானொளி இறங்குவதுபோல, இங்கும் வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியே மேலிருந்து விழுகிறது. அந்த ஒளியில் 20 தூண்கள், ஒவ்வொன்றும் சுமார் 25 அடி உயரத்தில், இலைக்கொத்து வடிவில் செதுக்கிய போதிகையோடு, அதாவது கொரிந்திய வகையில், இரு வரிசைகளாக நிற்கின்றன. இவை ‘அலபாஸ்டர்’ எனப்படும், ஒளியைச் சற்றே உள்வாங்கும் மென்மையான கல்லால் ஆனவை. அக்கல் அண்டையிலுள்ள நாட்டிங்ஹாம்ஷயரில் வெட்டப்பட்டது. தூண்களின் நெடுக்கில் ஓடும் வரிப்பள்ளங்கள், தூண்களை நிறுத்திப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, நின்ற நிலையிலேயே குடையப்பட்டன. ஒரு தவறான வெட்டுக்கும் இடமில்லாத அந்தப் பணியைச் செய்து முடித்த கல்தச்சர்களின் திறம், வடிவமைத்தவரின் புகழுக்குச் சற்றும் குறைந்ததன்று. சுவர் மாடங்களில் பண்டைய சிலைகளின் சுதை வார்ப்புகள் இடம்பெற்றுள்ளன. கூரையின் நுண்ணிய சுதைவேலை ஜோசப் ரோஸ் என்பவரின் கைவண்ணம்.

மண்டபத்தைக் கடந்தால் வட்டக்கூடம் வருகிறது. 42 அடி விட்டமும் 62 அடி உயரமும் உள்ள இக்கூடம், ரோமின் பாந்தியன் கோயிலைப் பின்பற்றி, உள்நோக்கிக் குடைந்த கட்டங்கள் நிறைந்த குவிமாடத்தையும் அதன் உச்சியில் ஒளி புகும் வட்டத் திறப்பையும் கொண்டது. நீண்ட வீட்டுமுற்றமும் அதன் பின்னே வட்டக் கோயிலும் என்ற இந்த வரிசையில் நடப்பவர் ரோமுக்குள்ளேயே நடக்கிறார். கூடத்தைச் சூடேற்றும் இரும்பு அடுப்புகள்கூடப் பழங்காலப் பலிபீடங்களின் உருவில் மறைக்கப்பட்டுள்ளன. ஏனைய அறைகளில், ஜான் லின்னெல் செய்த, கடற்கன்னியர் தாங்கும் பொன்முலாம் பூசிய சாய்விருக்கைகள் உள்ள வரவேற்பறையும், பனைமர வடிவக் கால்களையுடைய அரசக் கட்டிலும் குறிப்பிடத்தக்கவை.

இவ்வளவும் குடும்பத்தினர் அன்றாடம் புழங்குவதற்கன்று. அவர்கள் கிழக்குப் பக்கமாளிகையில் வாழ்ந்தனர், மேற்குப் பக்கமாளிகை சமையலுக்கு ஒதுக்கப்பட்டது. தகுதியுள்ள பார்வையாளர்களுக்கு வீட்டு மேற்பார்வைப் பெண்மணி நடுக்கட்டடத்தைச் சுற்றிக்காட்டினார். 1777இல் வந்த அகராதி அறிஞர் சாமுவேல் ஜான்சன், இது நகர மன்றத்துக்கு நன்கு பொருந்தும் என்ற பொருள்படக் குறைகூறினார். அவர் கண்டது உண்மையே. ஆனால் அரசியல் செல்வாக்கைப் பறைசாற்றவே எழுப்பிய வீட்டுக்கு அது குறையாகாது.

டார்பிஷயரில் நிறைவேறாத திட்டம் கல்கத்தாவில் நிறைவேறியது. வெல்லெஸ்லி பிரபு 1799 முதல் 1803 வரை கட்டுவித்த அரசு மாளிகையை வடிவமைத்த சார்லஸ் வயட், கெடில்ஸ்டனையே முன்மாதிரியாகக் கொண்டார். அவருடைய உறவினரான சாமுவேல் வயட் கெடில்ஸ்டன் கட்டுமானத்தில் மேற்பார்வையாளராகப் பணியாற்றியவர். வங்கத்தின் வெப்பத்தில் எத்திசைக் காற்றும் உட்புக வேண்டியிருந்ததால், அங்கே நான்கு பக்கமாளிகைகளும் எழுந்தன. 1859இல் கெடில்ஸ்டனில் பிறந்த ஜார்ஜ் கர்சன், 1899இல் இந்தியாவின் வைஸ்ராயாகி, தம் பிறந்த வீட்டின் சாயலில் அமைந்த அந்த மாளிகையிலேயே குடியேறினார். 1905இல் வங்கம் பிரிக்கப்பட்டதும் அவருடைய ஆட்சியிலேயே. ஆசியாவில் அவர் திரட்டிய பொருள்கள், 1987 முதல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள கெடில்ஸ்டனில் இன்று ஓர் அருங்காட்சியகமாக உள்ளன. 1903ஆம் ஆண்டு தில்லி தர்பாரையொட்டி அவர் மனைவி அணிந்த மயிற்பீலி ஆடையும் அங்கேயே இருக்கிறது. பொன், வெள்ளிச் சரிகையால் பீலிகளை வரைந்து, ஒவ்வொரு பீலியின் கண்ணிலும் பச்சை வண்டின் சிறகோட்டைப் பதித்துத் தைத்தவர்கள் இந்தியக் கைவினைஞர்கள்.