பரீட்சை நாளில் விழிக்கும் வைரஸ்!

நாளைக் காலை கணக்குப் பரீட்சை. இன்று ராத்திரி பார்த்து மூக்கு ஒழுக ஆரம்பிக்கிறது. உதட்டோரம் ஒரு கொப்புளம் வேறு! "அம்மா, உடம்பு சரியில்லம்மா..." என்று முனகினால், "பரீட்சைன்னா மட்டும் உனக்கு எங்கேயிருந்துதான் வருமோ!" என்று சமையலறையிலிருந்து பதில் வரும். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிப்பார்.

குட்டீஸ், இந்தப் 'பரீட்சை ஜுரம்' வெறும் நடிப்பா, இல்லை நிஜமாகவே உடம்புக்குள் ஏதாவது நடக்கிறதா? இதற்கு விடை தேடி ஒரு கணவனும் மனைவியும் 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள்!

கணவர் பெயர் ரொனால்ட் கிளேசர். அமெரிக்காவில் கொலம்பஸ் என்ற ஊரில் உள்ள ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வைரஸ்களைப் பற்றி ஆராய்ந்தவர். 2019ல் காலமானார். மனைவி ஜானிஸ் கீகோல்ட் கிளேசர், அதே பல்கலைக்கழகத்தில் மனோதத்துவ நிபுணராகப் பணியாற்றியவர். ஒருவருக்கு வைரஸ் தெரியும். இன்னொருவருக்கு மனசு தெரியும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் பல விஞ்ஞானிகளும் இதையேதான் கேட்டார்கள். 'மனசு வேறு, நோய் எதிர்ப்பு சக்தி வேறு. கவலைப்பட்டால் ரத்தத்தில் என்ன மாறிவிடப் போகிறது?' என்பது அவர்கள் எண்ணம்.

தூங்கும் திருடன்

முதலில் கிளேசர் ஆராய்ந்த வைரஸைப் பார்ப்போம். அதன் பெயர் எப்ஸ்டீன் - பார் வைரஸ். 1964ல் லண்டனைச் சேர்ந்த ஆந்தனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சாங் ஆகியோர் கண்டுபிடித்தது. (மூன்றாமவர் பெயரை வைரஸுக்கு வைக்காமல் விட்டுவிட்டார்கள், பாவம்!) உலகில் உள்ள பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமந்துகொண்டுதான் திரிகிறார்கள். எச்சில் மூலம் பரவும். சின்ன வயதில் வந்தால் பெரும்பாலும் சாதாரண சளி போல வந்து போய்விடும். சில சமயம் வந்ததே தெரியாது.

ஆனால், 'போய்விடும்' என்று சொன்னேன் பாருங்கள், அது தப்பு. அது போகவே போகாது! ரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து, சத்தம் போடாமல் ஆயுள் முழுக்கத் தூங்கும். நம்மைக் காக்க வேண்டியவை வெள்ளை அணுக்கள். அவற்றுக்குள்ளேயே வைரஸ்! போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே திருடன் பாய் விரித்துப் படுத்த மாதிரி.

இதன் உறவுக்கார வைரஸ் ஒன்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். சின்னம்மை! அம்மை இறங்கிய பிறகும் அந்த வைரஸ் நரம்புகளுக்குள் ஒளிந்திருக்கும். பல வருஷம் கழித்து எழுந்து வந்தால், அதைத்தான் 'அக்கி' என்கிறோம். தாத்தாவுக்கு இன்று வந்த அக்கி, அவர் அரை டிராயர் போட்ட காலத்தில் வந்த அம்மையின் மிச்சம்.

தூங்குகிற வைரஸ் ஏன் திடீரென்று எழுகிறது? கிளேசரின் கேள்வி அதுதான்.

பரீட்சைதான் சோதனைக்கூடம்

மனக்கவலை உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால், கவலை வரும் தேதி முன்கூட்டியே தெரிய வேண்டும். யாருக்கு எப்போது கவலை வரும் என்று ஜோசியமா பார்க்க முடியும்? கிளேசர் தம்பதிக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. மருத்துவக் கல்லூரி மாணவர்கள்! பரீட்சைத் தேதி முன்பே தெரியும். எல்லோருக்கும் ஒரே நாளில் பயம் வரும். ரத்தம் எடுக்க வெளியூர் போக வேண்டியதும் இல்லை.

1984ல் வெளியான ஆய்வில், முதலாமாண்டு மாணவர்கள் 75 பேரிடம் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு ஒருமுறையும், பரீட்சை சமயத்தில் ஒருமுறையும் ரத்தம் எடுத்தார்கள். நம் உடம்பில் 'இயற்கைக் கொல்லி செல்கள்' என்று ஒரு படை உண்டு. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டால் அங்கேயே தீர்த்துக்கட்டும். பரீட்சை சமயத்தில் அந்தப் படை மந்தமாகியிருந்தது!

அடுத்த ஆண்டு வெளியானது இன்னொரு ஆய்வு. 49 மாணவர்கள், மூன்று முறை ரத்தம். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு, பரீட்சை தொடங்கும் நாள், கோடை விடுமுறை முடிந்து திரும்பிய வாரம். எப்ஸ்டீன் - பார் வைரஸுக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளை அளந்தார்கள். பரீட்சை நேரத்தில் அது அதிகமாக இருந்தது. விடுமுறையிலிருந்து திரும்பியபோது நன்றாக இறங்கியிருந்தது.

"எதிர்ப்பொருள் அதிகமானால் நல்லதுதானே?" என்று உங்களில் யாராவது கேட்டால், சபாஷ்! யோசிக்க வேண்டிய இடமே இதுதான். தெருவில் கூர்க்கா விடாமல் விசில் ஊதினால் என்ன அர்த்தம்? அன்றைக்குத் திருடர் நடமாட்டம் அதிகம் என்று அர்த்தம். அதேபோலத்தான், வைரஸை அடக்கி வைத்திருந்த காவல்படை அசந்ததும் வைரஸ் கண்விழித்துத் தன்னைப்போல் பிரதிகள் செய்ய ஆரம்பிக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உடம்பு எதிர்ப்பொருளைக் கூடுதலாகத் தயாரிக்கிறது. எண்ணிக்கை ஏறினால், வைரஸ் எழுந்துவிட்டது என்று பொருள்.

அந்த மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளும் கொடுத்திருந்தார்கள். 'எனக்கு யாருமில்லை' என்ற தனிமை உணர்வு அதிகம் உள்ளவர்களுக்கு, எதிர்ப்பொருள் அளவு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால், உடம்பு அதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை.

நாய் துரத்தினால் நல்லது!

மனசில் உள்ள பயம் ரத்தத்துக்கு எப்படிப் போகிறது? தபால்காரர்கள் இருக்கிறார்கள். ஹார்மோன்கள்! சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்தாற்போல் அட்ரினல் என்று இரண்டு சுரப்பிகள் உள்ளன. மூளை பயந்தால் இவற்றுக்குச் செய்தி அனுப்பும். இவை அட்ரினலின், கார்டிசால் போன்றவற்றை ரத்தத்தில் கலக்கும்.

நாய் துரத்துகிறது என்று வையுங்கள். இதயம் படபடக்கும், கால் பறக்கும். இந்தச் சில நிமிஷப் பயம் கெடுதல் இல்லை. அப்போது காவல் செல்கள் சில, ரத்தத்தில் இன்னும் அதிகமாகவே கிளம்பி வரும். கடிபட்டால் தேவைப்படுமே! ஆனால், நாயைத் தெருமுனையில் விட்டுவிட்டு வரலாம். பரீட்சைப் பயத்தை அப்படி விட முடிகிறதா? சாப்பிடும்போது, குளிக்கும்போது, கனவில்கூடத் துரத்துகிறது. அப்போது கார்டிசால் நாள்கணக்கில் காவல்படையை அமுக்கி வைக்கிறது. கிளேசர் குழு ஆய்வகத்தில் இதைச் சோதித்தது. வைரஸ் தூங்கும் செல்களில் இந்த வகை ஹார்மோனைச் சேர்த்தபோது, வைரஸ் விழித்துக்கொண்டது.

"ரத்தத்தில் மாறியது சரி, யாருக்காவது நோய் வந்ததா?" என்று சிலர் விடாமல் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொன்னவர் ஷெல்டன் கோஹன் என்ற இன்னொரு அமெரிக்கர். இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரில் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே 394 தொண்டர்களின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு விட்டார்கள். (ஆம், சம்மதித்துத்தான் மூக்கைக் காட்டினார்கள்!) 1991ல் முடிவு வெளியானது. மன அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குச் சளி பிடித்தது. மிக அதிகமாக இருந்தவர்களில் நூற்றுக்கு 47 பேருக்கு!

ஜானிஸ் சக ஆய்வாளர்களுடன் செய்த இன்னொரு சோதனையைக் கேட்டால் உங்களுக்கு வாய் கூசும். பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேல் அண்ணத்தில் 3.5 மில்லி மீட்டர் அகலத்துக்கு ஒரு குட்டிக் காயம் போட்டார்கள். கோடை விடுமுறையில் ஒரு பக்கம். பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு மறுபக்கம். தினமும் போட்டோ எடுத்தார்கள். பரீட்சைக் காலக் காயம் ஆற, சராசரியாக மூன்று நாள் கூடுதலாக ஆனது. பதினொரு பேரில் ஒருவருக்குக்கூட, பரீட்சை சமயத்தில் காயம் விடுமுறையைப்போல் சீக்கிரம் ஆறவில்லை!

விண்வெளி வீரர்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்குப் பரீட்சை கிடையாது. ஆனால் ராக்கெட் பயணம், தூக்கக் குறைவு, குறுகிய இடம் என்று டென்ஷன் ஏராளம். அவர்கள் எச்சிலையும் சிறுநீரையும் சோதித்த நாசா விஞ்ஞானிகள் 2019ல் கணக்குச் சொன்னார்கள். விண்வெளி ஓடத்தில் சென்ற 89 பேரில் 47 பேருக்கும், சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கிய 23 பேரில் 14 பேருக்கும், தூங்கிக்கொண்டிருந்த வைரஸ்கள் எழுந்து வெளியே வந்திருந்தன. சின்னம்மை வைரஸும், நம் எப்ஸ்டீன் - பாரும் அதில் உண்டு. பெரும்பாலோருக்கு நோய் அறிகுறி எதுவும் இல்லை என்பதால் பயப்பட வேண்டாம்.

கிளேசரிடம் திரும்பி வருவோம். 1992ல் வெளியான ஆய்வில், 48 மருத்துவ மாணவர்களுக்கு ஹெபடைடிஸ் - பி தடுப்பூசி போட்டார்கள். கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை வரவழைக்கும் வைரஸ் அது. மொத்தம் மூன்று ஊசிகள். ஒவ்வொன்றையும் மூன்று நாள் பரீட்சையின் கடைசி நாளில்தான் போட்டார்கள். பரீட்சையும் எழுதி, ஊசியும் குத்திக்கொண்டு... என்ன கொடுமை!

முதல் ஊசிக்குப் பிறகு 12 பேர் ரத்தத்தில் மட்டும் எதிர்ப்பொருள் தோன்றியது. அவர்கள் அதிகம் பதற்றப்படாதவர்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு மறுபடி பார்த்தார்கள். நண்பர்கள், வீட்டார் என்று கஷ்டத்தைச் சொல்லிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று சொன்னவர்களுக்கு, தடுப்பூசி மற்றவர்களைவிட நன்றாக வேலை செய்திருந்தது.